டிம்மரைத் திருப்பினா எல்இடி லைட் சிமிட்டுதா? பல்பை மாத்துறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ஹாலில் ஃபால்ஸ் சீலிங் போட்டாச்சு. ஆறேழு எல்இடி லைட்டும் மாட்டியாச்சு. வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் சுவிட்ச் போர்டில் ஒரு டிம்மரும் வைத்தாச்சு. ஆனால் டிம்மரைப் பாதிக்குக் கீழே திருப்பினால் லைட் எல்லாம் மினுக் மினுக் என்று அடிக்க ஆரம்பிக்கிறது. சில வீடுகளில் 'உய்ய்' என்று ஒரு ரீங்காரமும் சேர்ந்து கேட்கிறது. 'பல்பு டூப்ளிகேட் போல' என்று கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறு பல்பு வாங்கி வந்தாலும், அதுவும் அதே மாதிரி சிமிட்டுகிறது.

பெரும்பாலான வீடுகளில் இது பயப்பட வேண்டிய விஷயம் கிடையாது. பல்பும் டிம்மரும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஆனால் சில வீடுகளில் இதே சிமிட்டல், வயரிங்கில் எங்கோ ஒரு இணைப்பு லூஸாகி சூடேறிக் கொண்டிருக்கிறது என்பதற்கான எச்சரிக்கை. முதலாவதை நிதானமாகச் சரி செய்துகொள்ளலாம். இரண்டாவதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இந்த இரண்டையும் எப்படிப் பிரித்துத் தெரிந்துகொள்வது? ஏன் சிமிட்டுகிறது? என்ன செய்தால் நிற்கும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: எந்தெந்த லைட் சிமிட்டுது?

ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

• டிம்மரில் இருக்கும் லைட்டுகள் மட்டும் சிமிட்டினால்: பல்புக்கும் டிம்மருக்கும் ஒத்துப்போகவில்லை. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி உங்களுக்குத்தான்.

• ஒரே ஒரு பல்பு மட்டும் சிமிட்டினால்: அந்த பல்பு பழுதாகியிருக்கலாம், இல்லையென்றால் அதன் ஹோல்டர் லூஸாகியிருக்கலாம்.

• ஒரு அறையில் டிம்மர் இல்லாத லைட்டும் சேர்ந்து சிமிட்டினால்: அந்த அறைக்குப் போகும் வயரிங்கில் லூஸ் கனெக்‌ஷன் இருக்க வாய்ப்பு அதிகம். எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும்.

• வீடு முழுக்க லைட் மங்கி, பின் பிரகாசமானால்: இது பல்பு பிரச்னையே கிடையாது. கீழே 'வீடு முழுக்க சிமிட்டினால்' என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

குண்டு பல்பு சிமிட்டலையே, எல்இடி மட்டும் ஏன்?

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்னோட்டம். அதாவது, வோல்டேஜ் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். பழைய குண்டு பல்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை. உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை ஒரு முறை பழுத்துவிட்டால், நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது ஆறிப்போகாது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சூடாக இருப்பது மாதிரிதான். மின்சாரம் கொஞ்சம் தடுமாறினாலும் அந்தச் சூடு சமாளித்துவிடும்.

எல்இடி அப்படி இல்லை. அது வெப்பத்தால் ஒளிராமல் குறைகடத்தியால் ஒளிர்கிறது. மின்சாரம் வந்தால் உடனே வெளிச்சம், நின்றால் உடனே இருட்டு. அதனால் குண்டு பல்பு மறைத்து வைத்திருந்த தடுமாற்றத்தை எல்லாம் எல்இடி அப்படியே கண்ணுக்குக் காட்டிவிடுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. எல்இடி சிப்புக்கு 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை நேரடியாகக் கொடுக்க முடியாது. அதற்காக பல்பின் அடிப்பாகத்தில் 'டிரைவர்' என்ற சின்ன எலக்ட்ரானிக் சர்க்யூட் இருக்கிறது. அது மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக மாற்றி, சிப்புகளுக்குத் தேவையான அளவு மட்டும் சீராக அனுப்பும். நாம் 'பல்பு' என்று சொல்வது உண்மையில் ஒரு குட்டி எலக்ட்ரானிக் கருவி.

டிம்மர் உண்மையில என்ன பண்ணுது?

டிம்மர் வோல்டேஜைக் குழாய்த் தண்ணீர் மாதிரி மெதுவாகக் குறைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இப்போதைய டிம்மர்கள் அப்படி வேலை செய்வதில்லை. அவை மின்சாரத்தின் ஒவ்வொரு அலையிலும் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடுகின்றன. பாதி வெளிச்சம் வேண்டுமென்றால், ஒவ்வொரு அலையிலும் ஏறக்குறைய பாதி நேரம் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மீதி நேரம் மட்டும் விடும். நொடிக்கு 100 முறை இந்த வெட்டு நடக்கிறது.

இதைச் செய்வது 'ட்ரையாக்' என்ற பாகம். அது ஒவ்வொரு அலையின் முன்பகுதியை வெட்டும். அதனால் இந்த வகைக்கு 'லீடிங் எட்ஜ்' டிம்மர் என்று பெயர். குண்டு பல்பு காலத்தில் வந்த டிம்மர்கள் பெரும்பாலும் இந்த வகைதான். இன்றும் கடைகளில் விலை குறைவாகக் கிடைப்பதும் இதுதான். 

இன்னொரு வகை 'ட்ரெய்லிங் எட்ஜ்'. இது அலையின் பின்பகுதியை வெட்டும். லீடிங் எட்ஜ் டிம்மர், வோல்டேஜ் ஏறிவிட்ட நடுவழியில் திடீரென்று மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. டிரைவருக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு உதை மாதிரி. ட்ரெய்லிங் எட்ஜில் வோல்டேஜ் பூஜ்யத்தில் இருந்து இயல்பாக ஏறும். அதனால் டிரைவருக்கு அதிர்ச்சி குறைவு; இரைச்சலும் குறைவு.

சிமிட்டலுக்கு 5 முக்கிய காரணங்கள்

1. பல்பு டிம்மருக்கு ஏற்றது இல்லை

கடையில் கிடைக்கும் சாதாரண 9 வாட் எல்இடி பல்புகளில் பெரும்பாலானவை டிம்மருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. நம்ம ஊர் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதற்காக, வோல்டேஜ் குறைந்தாலும் கூடினாலும் ஒரே வெளிச்சம் தரும்படிதான் பல டிரைவர்களை வடிவமைக்கிறார்கள். டிம்மர் 'குறை' என்கிறது. டிரைவரோ 'வோல்டேஜ் கம்மியா வருது, நான் ஈடுகட்டணும்' என்று எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஒரு கட்டத்தில் ஈடுகட்ட முடியாமல் டிரைவர் அணையும், மறுபடி எழுந்திருக்கும், மறுபடி அணையும். இதுதான் நாம் பார்க்கும் சிமிட்டல். இப்படியே ஓட்டினால் பல்பும் சீக்கிரம் போய்விடும், டிம்மரும் கெடலாம்.

2. டிம்மருக்குத் தேவையான லோடு இல்லை

இதுதான் பலருக்கும் தெரியாத காரணம். ட்ரையாக் திறந்த நிலையில் இருக்க வேண்டுமானால், அதன் வழியாகக் குறைந்தபட்சம் இவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அது சில பத்து மில்லி ஆம்பியர் வரை இருக்கும். 60 வாட் குண்டு பல்பு ஒன்று சுமார் 260 மில்லி ஆம்பியர் இழுக்கும். அதனால் அந்தக் காலத்தில் பிரச்னை வரவில்லை. அந்த இடத்தில் மாட்டும் 9 வாட் எல்இடி இழுப்பது, கணக்குப்படி பார்த்தால், சுமார் 40 மில்லி ஆம்பியர்தான். அலையின் கடைசிப் பகுதியில் அதுவும் குறைந்துவிடும். பிடிமானம் இல்லாமல் ட்ரையாக் பாதியிலேயே மூடிக்கொள்ளும். ஒவ்வொரு அலையிலும் அது மூடும் இடம் மாறி மாறி வருவதால் வெளிச்சமும் தடுமாறும்.

அதனால்தான் டிம்மர் டப்பாவில் அதிகபட்ச வாட்டுடன் குறைந்தபட்ச வாட்டும் போட்டிருப்பார்கள். குறைந்தபட்சம் 60 வாட் என்று இருக்கும் டிம்மரில், 7 வாட் லைட் நாலு மாட்டினால் மொத்தமே 28 வாட்தான் வரும். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் குணமே இங்கே சிக்கலாகிவிடுகிறது.

3. டிம்மர் வகை பொருந்தவில்லை

'டிம்மபிள்' என்று எழுதிய பல்பு வாங்கியும் சிமிட்டினால், அந்த பல்பு எந்த வகை டிம்மருக்கானது என்று பாருங்கள். சில பல்புகள் ட்ரெய்லிங் எட்ஜில் மட்டும்தான் அமைதியாக எரியும்.

4. ரொம்பக் கீழே இறக்குவது

நல்ல பல்பு, நல்ல டிம்மர் என்றாலும் கடைசி 10, 20 சதவீதத்தில் தடுமாற்றம் வரலாம். அந்த இடத்தில் டிரைவருக்குக் கிடைக்கும் மின்சாரம் மிகவும் குறைவு. சில டிம்மர்களில் இதற்காகவே ஒரு சின்ன திருகு இருக்கும். இதற்குக் கீழே இறங்காதே என்று அதில் எல்லை வைத்துவிடலாம்.

5. ஒரே டிம்மரில் பல ரக பல்புகள்

ஒரு பிராண்டு இரண்டு, இன்னொரு பிராண்டு மூன்று என்று கலந்து மாட்டினால், ஒவ்வொரு டிரைவரும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். ஒன்று அணையும்போது இன்னொன்று எரியும். ஒரு டிம்மருக்குக் கீழே இருப்பவை எல்லாம் ஒரே மாடலாக இருப்பதுதான் நல்லது.

ஃபேன் ரெகுலேட்டரை லைட்டுக்கு வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். 'ரெண்டும் திருப்புற பட்டன்தானே சார்' என்று சில இடங்களில் ஃபேன் ரெகுலேட்டரையே லைட்டுக்கும் மாட்டிவிடுகிறார்கள். இப்போது வரும் 'ஸ்டெப்' ரெகுலேட்டர்களுக்குள் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. ஃபேன் மோட்டாரோடு சேர்ந்து வேலை செய்வதற்காக அளவு பார்த்து வைத்தவை அவை. அதை எல்இடி டிரைவரோடு இணைத்தால் வெளிச்சம் ஒழுங்காகக் குறையாது. சிமிட்டும், டிரைவரும் கெடலாம். அதேபோல, லைட்டுக்கான டிம்மரை ஃபேனுக்கு மாட்டினால் மோட்டார் உறுமும், சூடாகும். அதது அதற்கான இடத்தில் இருக்கட்டும்.

நீங்களே கண்டுபிடிக்க 5 படிகள்

எதைத் தொடுவதற்கு முன்னாலும் அந்த அறைக்கான எம்சிபியை இறக்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஏன் என்பதைக் கீழே பார்ப்போம். பல்பு சூடாக இருந்தால் ஆற விடுங்கள்.

படி 1: டிம்மரை முழு வெளிச்சத்தில் வையுங்கள். முழுசாக வைத்தால் சிமிட்டல் நின்று, குறைத்தால் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் பொருத்தப் பிரச்னைதான். முழு வெளிச்சத்திலும் சிமிட்டினால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: சிமிட்டும் பல்பைக் கழற்றி, டிம்மர் இல்லாத வேறு ஹோல்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் சிமிட்டினால் பல்பு பழுது. உள்ளே சிப்புகள் வரிசையாக ஒன்றோடு ஒன்று கோக்கப்பட்டிருக்கும். அதில் ஒன்று விட்டுப்போனாலும் அந்த வரிசை முழுக்க அணைந்துவிடும். எரிந்து சூடானதும் அணைவது, ஆறியதும் திரும்ப எரிவது என்று மாறி மாறி நடந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

படி 3: ஹோல்டரைப் பாருங்கள். நம் வீடுகளில் அதிகம் இருப்பது இரண்டு பின் மாட்டித் திருகும் ஹோல்டர். அதன் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வருஷக் கணக்கில் சூடுபட்டுத் தளர்ந்துவிடும். பல்பை லேசாக அசைத்தால் அணைந்து எரிகிறது, ஹோல்டர் பழுப்பு நிறமாகக் கருகியிருக்கிறது என்றால் ஹோல்டரை மாற்றுங்கள். விலை குறைந்த பொருள்தான்; அதைச் சேமித்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

படி 4: பழைய குண்டு பல்பு வீட்டில் கிடந்தால், அதே டிம்மரில் உள்ள ஹோல்டர் ஒன்றில் அதை மாட்டிப் பாருங்கள். மற்ற எல்இடிகளின் சிமிட்டல் உடனே நின்றுவிட்டால், லோடு பற்றாக்குறைதான் காரணம் என்று சொல்லிவிடலாம். குண்டு பல்பே சிமிட்டினால் டிம்மர் அல்லது வயரிங்கில் கோளாறு. இந்தச் சோதனையைத் திறந்த ஹோல்டரில், சில நிமிடங்கள் மட்டும் செய்யுங்கள். மூடிய பிளாஸ்டிக் ஃபிட்டிங்கில் குண்டு பல்பு மாட்டினால் சூட்டில் உருகிவிடும்.

படி 5: மேலே சொன்ன எதிலும் விடை கிடைக்கவில்லையா? எலக்ட்ரீஷியனை வரவழைத்து, டிம்மரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சாதாரண சுவிட்சை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிமிட்டல் நின்றால் டிம்மர் மேல்தான் தப்பு. நிற்கவில்லை என்றால் வயரிங்கைச் சோதிக்க வேண்டும்.

சரி, எப்படிச் சரி பண்றது?

பல்பை மாற்றுவது: டிம்மரை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், 'டிம்மபிள்' என்று அட்டையில் எழுதியிருக்கும் பல்பையே வாங்குங்கள். எழுதவில்லை என்றால் டிம்மருக்கு ஆகாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். இரண்டு வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, மீதியை வாங்குங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் தனி டிரைவரோடு வரும் பேனல் லைட் என்றால், லைட்டை மாற்றாமல் டிரைவரை மட்டும் டிம்மபிள் வகைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அளவு பொருந்தும் டிரைவர் கிடைத்தால் செலவு குறையும்.

டிம்மரை மாற்றுவது: எல்இடிக்கானது என்று குறிப்பிட்ட டிம்மராக, முடிந்தால் ட்ரெய்லிங் எட்ஜ் வகையாக வாங்குங்கள். குறைந்தபட்ச லோடு எவ்வளவு என்று கட்டாயம் பாருங்கள். உங்கள் லைட்டுகளின் மொத்த வாட் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். அதிகபட்ச அளவிலும் ஏமாந்துவிடக் கூடாது. '400 வாட்' என்று போட்டிருப்பது குண்டு பல்புக்கான கணக்காக இருக்கலாம். எல்இடிக்கான அளவு அதைவிட மிகவும் குறைவாக, தனியாக அச்சிடப்பட்டிருக்கும். எல்இடி டிரைவர்கள் ஆன் ஆகும் நொடியில் பெரிய அளவு மின்னோட்டத்தைச் சட்டென்று இழுப்பதுதான் அதற்குக் காரணம். 

லோடைக் கூட்டுவது: லைட் குறைவு, டிம்மரையும் மாற்ற முடியாது என்றால், லைட்டுக்கு இணையாக 'பைபாஸ்' என்ற சின்ன பாகத்தை மாட்டலாம். சில டிம்மர் நிறுவனங்களே அதைத் தனியாக விற்கின்றன. அதை எலக்ட்ரீஷியன்தான் மாட்ட வேண்டும். கையில் கிடைத்த ஃபேன் கெப்பாசிட்டரை அந்த இடத்தில் போட்டுச் சமாளிப்பது ஆபத்து.

டிம்மரையே எடுத்துவிடுவது: உண்மையைச் சொன்னால், பல வீடுகளில் இதுதான் செலவு குறைந்த தீர்வு. ஆறு லைட்டையும் ஒரு டிம்மரில் வைப்பதற்குப் பதிலாக, இரண்டு, நான்கு என்று இரண்டு சுவிட்சுகளாகப் பிரித்துவிட்டால் டிவி பார்க்க இரண்டு, விருந்தாளி வந்தால் ஆறு என்று போட்டுக்கொள்ளலாம். 

ஸ்மார்ட் பல்பு: செல்போனிலோ ரிமோட்டிலோ வெளிச்சத்தைக் குறைக்கும் பல்புகளுக்குள்ளேயே அந்த வேலைக்கான சர்க்யூட் இருக்கிறது. அவற்றைச் சாதாரண சுவிட்சில்தான் மாட்ட வேண்டும். டிம்மருக்குக் கீழே மாட்டினால் இரண்டும் மோதிக்கொள்ளும். சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால் நிறம் மாறும் 'மூன்று கலர்' லைட்டுகளுக்கும் டிம்மர் ஒத்து வராது.

சுவிட்ச் ஆஃப் பண்ணின பிறகும் மினுக்குதே?

ராத்திரி எல்லா லைட்டையும் அணைத்த பிறகும் எல்இடி மங்கலாக ஒளிர்வது, அல்லது சில நொடிக்கு ஒரு முறை 'பளிச்' என்று மின்னி மறைவது பல வீடுகளில் நடக்கிறது. பேய், பிசாசு எதுவும் இல்லை. மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று, சுவிட்சில் இருக்கும் சின்ன இண்டிகேட்டர் விளக்கு. அது எரிவதற்கான துளி மின்சாரம் பல்பு வழியாகத்தான் போகிறது. குண்டு பல்பை எரிய வைக்க அது பத்தாது. ஆனால் எல்இடி டிரைவரில் உள்ள கெப்பாசிட்டர் அந்தத் துளியைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துவைத்து, நிறைந்ததும் ஒரு மின்னல் அடிக்கும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சாக மாற்றினால் நின்றுவிடும். 

இரண்டு, மாடிப்படி லைட் மாதிரி இரண்டு இடத்தில் சுவிட்ச் உள்ள வயரிங். நீளமான வயர்கள் ஒரே பைப்பில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும்போது, ஒன்றில் இருக்கும் மின்சாரம் தொடாமலேயே இன்னொன்றில் லேசாகத் தூண்டப்படும். இதில் ஆபத்து இல்லை.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. சுவிட்ச் ஃபேஸ் வயரில் இல்லாமல் நியூட்ரலில் மாட்டப்பட்டிருக்கலாம். அப்படி இருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் உயிரோடு இருக்கும். பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கும். சுவிட்சை மட்டும் நம்பாமல் எம்சிபியை இறக்கச் சொன்னது இதற்காகத்தான். பழைய வீடுகளிலும், கைமாறி கைமாறி ரிப்பேர் பார்த்த வீடுகளிலும் இந்தத் தப்பு இருக்கலாம். எலக்ட்ரீஷியன் வந்தால் இதையும் ஒரு தரம் பார்க்கச் சொல்லிவிடுங்கள்.

வீடு முழுக்க சிமிட்டினால்: இது சீரியஸ்

மிக்ஸி போட்டால், போர் மோட்டார் ஓடினால், ஏசி ஸ்டார்ட் ஆனால் ஒரு கணம் லைட் லேசாக மங்குவது சகஜம். பெரிய மோட்டார் தொடங்கும்போது மின்சாரத்தை அதிகமாக இழுப்பதால் வோல்டேஜ் ஒரு நொடி இறங்குகிறது. மாலை நேரத்தில் தெருவே மங்கினால் அது லோ வோல்டேஜ். 

ஆனால் கீழே உள்ள அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் அலட்சியம் கூடாது:

• ஒரு அறையில் லைட் மங்கும்போது, இன்னொரு அறையில் வழக்கத்தைவிடப் பிரகாசமாவது
• பெரிய மெஷினைப் போட்டதும் மங்குவதற்குப் பதிலாக லைட் இன்னும் பளிச்சென்று எரிவது
• ஃபேன் திடீரென்று பேய் வேகத்தில் சுற்றுவது
• சுவிட்ச் போர்டு, மெயின் பாக்ஸில் இருந்து 'சொர்ர்' என்ற சத்தம் அல்லது கருகிய வாடை
• சுவிட்ச் போர்டைத் தொட்டால் சூடு, பிளாஸ்டிக் நிறம் மாறியிருப்பது

முதல் மூன்றும் நியூட்ரல் லூஸாகிவிட்டது அல்லது அறுந்துவிட்டது என்பதற்கான அறிகுறிகள். மூன்று ஃபேஸ் மின்சாரத்தில், மூன்றுக்கும் பொதுவாகத் திரும்பிச் செல்லும் வழி நியூட்ரல். ஒவ்வொரு ஃபேஸிலும் 230 வோல்ட் நிலையாக நிற்பதற்கு அதுதான் காரணம். அது அறுந்தால் கணக்கு முழுக்கக் குலைந்துவிடும். லோடு அதிகம் உள்ள ஃபேஸில் வோல்டேஜ் சரியும். லோடு குறைவாக உள்ள ஃபேஸில் 400 வோல்ட்டை நெருங்கும் அளவுக்குக்கூட எகிறும். டிவி, ஃப்ரிட்ஜ், சார்ஜர் எல்லாம் ஒரே அடியில் காலியாவது இப்படித்தான். உங்கள் வீடு சிங்கிள் ஃபேஸ் என்றாலும் தப்பிக்க முடியாது. தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், வெவ்வேறு ஃபேஸில் இருக்கும் வீடுகள் எல்லாம் இதே நிலைக்கு ஆளாகும்.

உடனே செய்ய வேண்டியது: மெயின் சுவிட்சை அணையுங்கள். ஃப்ரிட்ஜ், டிவி, ஏசி பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள். பக்கத்து வீட்டிலும் இப்படி இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கேயும் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 'மின்னகம்' எண் 94987 94987. எந்த நேரமும் புகார் பதிவு செய்யலாம். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மீட்டருக்கு முன்னால் உள்ள சர்வீஸ் வயரிலும், மீட்டரிலும், கம்பத்திலும் கை வைக்க வேண்டியவர்கள் மின்வாரிய ஊழியர்கள் மட்டும்தான்.

'எம்சிபிதான் இருக்கே, ட்ரிப் ஆகிடும்ல?' என்று கேட்கலாம். ஆகாது. எம்சிபி விழுவது, அளவுக்கு மீறி மின்னோட்டம் பாயும்போது. ஆர்சிசிபி விழுவது, மின்சாரம் பூமிக்குக் கசியும்போது. லூஸ் கனெக்‌ஷனில் பாய்வது வழக்கமான மின்னோட்டம்தான். ஆனால் இணைப்பு சரியாகத் தொடாததால், அந்த ஒரு புள்ளி மட்டும் கொதிக்கும். வயரின் மேலுறை உருகும், தீப்பிடிக்கும். இரண்டு கருவியும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். சிமிட்டும் லைட் மட்டுமே அங்கே உங்களுக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கையாக இருக்கலாம்.

இன்வெர்ட்டர்ல ஓடும்போது மட்டும் சிமிட்டினா?

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்த ஒரு நொடி மினுக்கல் இயல்பு. தொடர்ந்து சிமிட்டினால் உங்கள் இன்வெர்ட்டர் எந்த வகை என்று பாருங்கள். 'ஸ்கொயர் வேவ்' இன்வெர்ட்டரின் அலை, மேலும் கீழும் படிக்கட்டு மாதிரி சட்டென்று தாவும். சீராக ஏறி இறங்கும் அலையை நம்பி வெட்டும் டிம்மர், அங்கே எங்கே வெட்டுவது என்று தெரியாமல் குழம்பும். 'சைன் வேவ்' இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை குறைவு. எளிய வழி, டிம்மர் லைட்டுகளை இன்வெர்ட்டர் லைனில் இருந்து எடுத்துவிட்டு, சாதாரண லைட் ஒன்றை அதில் வைத்துக்கொள்வது.

கண்ணுக்குத் தெரியாத சிமிட்டல் உடம்புக்கு ஆகுமா?

நொடிக்கு 100 முறை சிமிட்டினால் நம் கண் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்காது. ஆனாலும் சிலருக்கு அதனால் தலைவலி, கண் வலி, படிக்கும்போது கண் களைப்பு வரக்கூடும். எல்இடி சிமிட்டலை எந்த அளவுக்குள் வைக்கலாம் என்பதற்காகச் சர்வதேசப் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ 2015-ல் ஒரு பரிந்துரையையே வெளியிட்டது. ஐரோப்பிய யூனியன் 2021 செப்டம்பர் முதல் அங்கு விற்கும் பல்புகளின் சிமிட்டலுக்கு வரம்பு வைத்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் மெதுவான சிமிட்டல் இன்னும் தொந்தரவானது. நொடிக்குச் சுமார் 3 முதல் 30 முறை மின்னும் வெளிச்சம், ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு வலிப்பை வரவைக்கலாம். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், சிமிட்டும் லைட்டைச் சரி செய்யும் வரை போடாமலே இருங்கள். குழந்தைகள் படிக்கும் மேஜைக்கு மேலே டிம்மர் லைட்டைத் தவிர்ப்பது நல்லது.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. செல்போன் கேமராவை 'ஸ்லோ மோஷன்' வீடியோவில் வைத்து, லைட்டைப் படம் எடுங்கள். வெளிச்சம் துடிப்பது போலவோ, கறுப்புப் பட்டைகள் ஓடுவது போலவோ பளிச்சென்று தெரிந்தால், அந்த பல்பில் சிமிட்டல் அதிகம். இது துல்லியமான அளவீடு இல்லை. ஆனால் இரண்டு பல்புகளை ஒப்பிட்டுப் பார்க்க உதவும். 

வாங்கும்போது இதையெல்லாம் பாருங்க

• அட்டையில் 'டிம்மபிள்' என்ற வார்த்தை இருக்கிறதா
• பிஐஎஸ் பதிவு எண், ஐஎஸ் 16102 என்ற தரக் குறியீடு இருக்கிறதா
• பல்பில் வாரண்டி எத்தனை வருஷம், பில் தருகிறார்களா
• டிம்மரில் எல்இடிக்கான குறைந்தபட்ச, அதிகபட்ச வாட் தனித்தனியாகப் போட்டிருக்கிறதா
• மூடிய ஃபிட்டிங்கில் மாட்டப் போகிறீர்கள் என்றால், அதற்கு ஏற்றதா என்று கேட்டீர்களா

கடைசிக் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. டிரைவரில் உள்ள கெப்பாசிட்டருக்குச் சூடுதான் முதல் எதிரி. காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது சீக்கிரம் வற்றிப்போகும். வற்றினால், டிம்மரே இல்லாவிட்டாலும் பல்பு சிமிட்ட ஆரம்பிக்கும்.

எலக்ட்ரீஷியனிடம் என்ன சொல்லணும்?

'லைட் சிமிட்டுதுண்ணே, வந்து பாருங்க' என்று மட்டும் சொன்னால், அவரும் முதலில் பல்பைத்தான் மாற்றுவார். அதற்குப் பதிலாக இந்த நான்கையும் சொல்லுங்கள். எந்தெந்த லைட் சிமிட்டுகிறது? டிம்மர் எந்த நிலையில் இருக்கும்போது சிமிட்டுகிறது? வேறு ஏதாவது மெஷின் போடும்போது மட்டுமா? பல்பு, டிம்மர் அட்டைகளில் என்ன எழுதியிருக்கிறது? முடிந்தால் சிமிட்டும்போது ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் வரும் நேரத்தில் பார்த்து லைட் ஒழுங்காக எரிவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்!

சுருக்கமாகச் சொன்னால், டிம்மர் லைட் மட்டும் சிமிட்டினால் பல்பு அட்டையையும் டிம்மர் டப்பாவையும் எடுத்துப் படியுங்கள். வீடே சிமிட்டினால் முதலில் மெயினை அணையுங்கள்.